விவாகரத்துக்கு வக்கீல் கட்டணம்: மொத்தமாகப் பேசுவதா, வாய்தாவுக்கு இவ்வளவு என்று கொடுப்பதா?

விவாகரத்துக்காக வக்கீல் அலுவலகத்துக்கு முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை. அப்பாவோ அண்ணனோ சித்தப்பாவோ கூட வருவார். சம்பந்தப்பட்டவர் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும், அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொத்தமாக எவ்வளவு சார் ஆகும்?" என்று கேட்பார். வக்கீல் ஒரு தொகை சொல்வார். பெரியவர் கொஞ்சம் குறைத்துக் கேட்பார். ஒரு தொகை படிந்துவிடும்.

அந்த 'மொத்தம்' என்பதற்குள் என்னென்ன அடக்கம் என்பதை மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். வக்கீல் மனதில் ஒரு மொத்தம், கட்சிக்காரர் மனதில் வேறொரு மொத்தம். சில மாதங்கள் கழித்து உயர் நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட வேண்டிய நிலை வரும்போது இரண்டும் மோதிக்கொள்ளும். "அப்போதே மொத்தமாகப் பேசினோமே" என்று இவரும், "அது இந்தக் கோர்ட்டுக்கு மட்டும்தானே" என்று அவரும் சொல்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் பொய்யல்ல.

தமிழ்நாட்டுக் குடும்ப நீதிமன்றங்களில், 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் நடக்கும் வழக்குகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று தொகை சொல்லப்போவதில்லை. அது ஊருக்கு ஊர், வக்கீலுக்கு வக்கீல் மாறும். எந்த முறையில் கொடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருவரும் சம்மதித்துப் பிரிகிறார்கள் என்றால் மொத்தக் கட்டணம்தான் சரி. ஒருவர் எதிர்க்கிறார் என்றால் கட்டம் கட்டமாகப் பேசுவது நல்லது. வாய்தாவுக்கு இவ்வளவு என்பது மிகச் சில இடங்களில் மட்டுமே எடுபடும்.

சம்மதம் இருந்தால்

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வழிசெய்யும் 13-பி பிரிவு 1976-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. கணவனும் மனைவியும் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து தங்கள் முடிவில் மாற்றமில்லை என்று சொல்ல வேண்டும். நீதிபதி விசாரித்துத் திருப்தி அடைந்தால் தீர்ப்பு.

வக்கீலின் மேசையிலிருந்து பார்த்தால் இந்த வேலையை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிபந்தனைகளைப் பேசி எழுதுவது, மனுத் தயாரிப்பது, தாக்கல் செய்து வழக்கு எண் வாங்குவது, முதல்முறை ஆஜராவது, கவுன்சலிங்குக்கு அனுப்பினால் அந்தத் தேதிகள், இரண்டாம் முறை வந்து நிரூபண வாக்குமூலம் (மனுவில் சொன்னதை உறுதிசெய்யும் சாட்சியம்) கொடுப்பது, தீர்ப்பின் நகல் வாங்குவது. அவ்வளவுதான். எண்ணிவிடக்கூடிய வேலைக்கு முன்கூட்டியே விலை சொல்ல முடியும். சொல்லத் தயங்கும் வக்கீலிடம் ஏன் என்று கேட்கலாம். இந்த வகை வழக்கில் வாய்தாவுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்வதில் எந்த லாபமும் இல்லை. கவுன்சலர் விடுப்பில் இருந்ததற்கெல்லாம் நீங்கள் பணம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் இந்தச் சுலபமான வழக்கிலும் மொத்தத் தொகைக்கு வெளியே தொங்கும் வால்கள் சில உண்டு.

முதலாவது, ஆறு மாதக் காத்திருப்பு. 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், தக்க காரணம் இருந்தால் குடும்ப நீதிமன்றமே இதற்கு விலக்கு அளிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. மனுப் போடுவதற்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருப்பது போன்றவை தீர்ந்திருக்க வேண்டும். இவையெல்லாம் பொருந்தினாலும் விலக்கு தானாக வந்துவிடாது. தனியாக மனுப் போட்டு வாதாட வேண்டும். அது மொத்தத்தில் சேர்ந்ததா என்பது முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது வால் நீளமானது. பிரிவு கசப்பாகத் தொடங்கிப் பிறகு சமாதானமாகும் குடும்பங்களில், இடையில் ஒரு வரதட்சணைக் கொடுமைப் புகார் பதிவாகியிருக்கும். இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 498-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. "எல்லா வழக்குகளையும் வாபஸ் பெற்றுக்கொள்கிறோம்" என்று ஒப்பந்தத்தில் ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். இது இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றப் பட்டியலில் இல்லை. ஆகவே புகார் கொடுத்தவர் நினைத்தால் மட்டும் வழக்கு முடியாது. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அது வேறு கோர்ட், வேறு வக்காலத்து, சில சமயம் வேறு வக்கீல். குடும்ப நீதிமன்றத்துக்கு மட்டும் மொத்தம் பேசியவர்கள் இங்கே வந்து நிற்கும்போதுதான் பாதித் தூரமே வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

வீடு ஒருவர் பெயரிலிருந்து மற்றவர் பெயருக்கு மாற வேண்டும் என்றால் பத்திரப் பதிவு இருக்கிறது. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் காணொளி மூலம் ஆஜராகவோ வேறு ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கவோ அனுமதி மனு இருக்கிறது. இவை உங்களுக்கு உண்டென்றால் அவற்றையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். கடைசி நிமிடத்தில் ஒருவர் மனம் மாறினால்? தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. அப்படி நடந்தால் கொடுத்த பணம் என்ன ஆகும்? இதனால்தான் முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிட வேண்டாம் என்கிறேன். மனு எண்ணாகும்போது பாதி, இரண்டாம் முறை ஆஜராகும் நாளில் மீதி என்பது இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடு. தீர்ப்பு வந்த பிறகுதான் எல்லாம் தருவேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் சரியல்ல. தீர்ப்பு வந்த மறுநாள் தொலைபேசியை எடுக்காத கட்சிக்காரர்களை வக்கீல்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

இருவருக்கும் ஒரே வக்கீல், கட்டணத்தில் ஆளுக்குப் பாதி என்ற ஏற்பாடும் இருக்கிறது. குழந்தை இல்லை, சொத்து இல்லை, இருவருக்கும் சம்பளம் இருக்கிறது என்றால் செலவு மிச்சம்தான். மற்றபடி, இருவரில் வருமானம் குறைந்தவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிபந்தனைகளை வேறொரு வக்கீலிடம் ஒருமுறை காட்டி அபிப்பிராயம் கேட்பது நல்லது. அந்த ஒரு ஆலோசனைக்கு ஆகும் பணத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். ஜீவனாம்சத்தை ஒரே தடவையில் வாங்கிக்கொள்வதாக எழுதிக் கையெழுத்திட்ட பிறகு அதை மாற்றுவது லேசான காரியமல்ல.

ஒருவர் எதிர்த்தால்

இங்கேதான் கணக்கு குழம்புகிறது. கொடுமை, இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது போன்ற காரணங்களை வைத்து 13(1) பிரிவில் போடும் வழக்கு இது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 21-பி பிரிவு சொல்கிறது. சட்டத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதோடு சரி. எதிர்த்து நடத்தப்படும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். கணவர் சென்னையில் மனுப் போடுகிறார். மனைவி பெற்றோருடன் திருநெல்வேலியில் இருக்கிறார். நோட்டீஸ் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று திரும்பி வருகிறது. மறுபடி அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததும் மனைவி, கைக்குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னை வர முடியாது, வழக்கைத் திருநெல்வேலிக்கு மாற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார். அது முடியும்வரை இங்கே எதுவும் நகராது. மாற்றிவிட்டால், கணவரின் சென்னை வக்கீல் திருநெல்வேலிக்கு வருவாரா? வந்தால் பயணச் செலவு யாருடையது? வராவிட்டால் வாங்கிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? மொத்தம் பேசியபோது இதெல்லாம் யார் நினைவிலும் இருந்திருக்காது.

இன்னும் இருக்கிறது. மனைவி 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கிறார். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பட்டியலிட்டுப் பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் என்று காகிதம் சேர்ப்பதே ஒரு வேலை. கணவர் குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்கிறார். அது இன்னொரு மனு. ஏதோ ஒரு வாய்தாவில் ஒரு தரப்பு வரத் தவறி ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டால், அதை ரத்து செய்ய ஒரு மனு. இடைக்கால உத்தரவு பிடிக்காதவர் மேலே போவார். கூடவே குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனி வழக்கு ஓடும். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் இதற்கப்புறம்தான் வரும்.

எதிர்த்தரப்பு எத்தனை மனுப் போடும் என்பது உங்கள் வக்கீலுக்கும் தெரியாது. தெரியாத வேலைக்கு விலை சொல்லச் சொன்னால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். அனுபவமுள்ளவர் எல்லாம் வரும் என்று எதிர்பார்த்துக் கூட்டிச் சொல்வார். மூன்றாம் மாதத்திலேயே சமரச மையத்தில் பேசி முடிந்துவிட்டால் நடக்காத வேலைக்கும் நீங்கள் கொடுத்திருப்பீர்கள். வழக்கைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர் குறைத்துச் சொல்வார். ஓராண்டு ஆனதும் அந்தத் தொகை தீர்ந்துபோயிருக்கும், வழக்கு தீர்ந்திருக்காது. அதன்பின் சீனியரைப் பார்ப்பது அரிது. முதல் நாள் யாரிடம் கதை சொன்னீர்களோ அவருக்குப் பதில், வழக்குக் கட்டைக் கையில் எடுத்து அரை மணி நேரமே ஆன ஒரு ஜூனியர் உங்கள் மனைவியையோ கணவரையோ குறுக்கு விசாரணை செய்வார். விவாகரத்து வழக்கின் தலையெழுத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிற நாள் அதுதான்.

இவ்வளவு சொன்னாலும், எதிர்ப்பு வழக்கில் மொத்தக் கட்டணம் கேட்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். எதிர்த்தரப்பு வம்புக்கென்றே மனுமேல் மனுவாகப் போடும் ஆள் என்றால், ஒவ்வொன்றுக்கும் பணம் கொடுக்க வேண்டிய நிலையே உங்களைத் தளரவைத்துவிடும். அவருடைய எண்ணமும் அதுவாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் உள்ளடக்கிய தொகையை, எழுத்தில், மனச்சாட்சியுள்ள ஒரு வக்கீல் ஒப்புக்கொண்டால் அது கேடயம். எல்லாம் அந்த 'எழுத்தில்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

எதிர்ப்பு வழக்கிலேயே இன்னொரு வகைக்கும் மொத்தம் பொருந்தும். கணவரோ மனைவியோ எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை, அல்லது நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வரவே மாட்டார் என்பது உறுதி. அப்போது வேலை மறுபடி எண்ணக்கூடியதாகிவிடுகிறது: நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம், நிரூபண வாக்குமூலம், தீர்ப்பு. விளம்பரச் செலவை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

வாய்தாக் கணக்கு

காலை பத்தரை மணிக்கு நீதிமன்ற வளாகத்தில் போய் நிற்கிறீர்கள். அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு. பட்டியலில் உங்கள் வழக்கு முப்பதாவதாக இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீலின் ஜூனியர் எழுந்து, மனுவுக்குப் பதிலான எதிர் உரை தயாராகவில்லை, அவகாசம் வேண்டும் என்கிறார். நீதிபதி ஒரு தேதி சொல்கிறார். உங்கள் வக்கீல் டைரியில் குறித்துக்கொள்கிறார். முழுதாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது. வெளியே வந்ததும் குமாஸ்தா பக்கத்தில் வந்து நிற்கிறார்.

வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் அந்த ஒரு நிமிடத்துக்கும், நான்கு மணி நேரம் குறுக்கு விசாரணை நடக்கும் நாளுக்கும் ஒரே கட்டணம். நீதிபதி விடுப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு, எதிர்த்தரப்பின் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் உங்கள் பாக்கெட்தான். வக்கீல் கெட்ட எண்ணம் உள்ளவராக இருக்க வேண்டியதில்லை. வழக்கு சீக்கிரம் முடிந்தால் அவருக்கு நஷ்டம் என்ற ஏற்பாட்டில் அவரை நீங்களே உட்காரவைத்திருக்கிறீர்கள்.

இது பொருந்தும் இடங்களும் உண்டு. வெளியூர்க் கோர்ட்டில் ஒரு நாள் ஆஜராக ஒரு வக்கீல் தேவைப்படும்போது, அல்லது வழக்கு வாதத்துக்கு வந்துவிட்ட நிலையில் வக்கீலை மாற்றும்போது, இந்த முறையில் பேசலாம். 'பலனுள்ள வாய்தாவுக்கு மட்டும்', அதாவது உண்மையில் விசாரணை நடந்த நாளுக்கு மட்டும் கட்டணம் என்று பேசினால் பாதிக் குறை நீங்கும். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் முறை பெருநகரப் பெரிய சட்ட நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. குடும்ப நீதிமன்றத்துக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

கட்டம் கட்டமாக

எதிர்ப்பு வழக்குக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். மனு அல்லது எதிர் உரை தயாரித்துத் தாக்கல் செய்து எண் வாங்கும்வரை ஒரு தொகை. சாட்சி விசாரணையும் குறுக்கு விசாரணையும் ஒரு தொகை. வாதமும் தீர்ப்பும் ஒரு தொகை. ஒவ்வொரு இடைக்கால மனுவுக்கும் தனியாக ஒரு தொகை, அதையும் இப்போதே பேசி வைப்பது. உயர் நீதிமன்றம் என்றால் புதிதாகப் பேச்சு.

கட்டத்துக்குள் அது மொத்தக் கட்டணமே. எத்தனை வாய்தா ஆனாலும் அந்தக் கட்டத்துக்கு அவ்வளவுதான். கட்டம் முடியும் இடத்தில் இருவரும் நின்று யோசிக்கலாம்: தொடர்வதா, பேசி முடிப்பதா, வக்கீலை மாற்றுவதா. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆகவே எதிர்ப்பு வழக்காகத் தொடங்கிச் சம்மத வழக்காக முடிவது அடிக்கடி நடக்கிறது. கட்டக் கணக்கில் இருப்பவருக்கு அந்தத் திருப்பம் மிச்சம். முழுத் தொகையையும் முன்பே கொடுத்தவருக்கு அது நஷ்டமாகத் தோன்றும். அந்த எண்ணமே சிலரைச் சமாதானத்துக்கு வரவிடாமல் தடுக்கிறது என்பது என் சந்தேகம்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. மனுவுக்கு இவ்வளவு என்று வைத்தால் தேவையில்லாத மனுக்கள் முளைக்கலாம். உங்களிடம் கேட்காமல் எதையும் தாக்கல் செய்யக் கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் அடைத்துவிடலாம்.

ஜீவனாம்சத்தில் பங்கு

"இப்போது பணம் வேண்டாம், ஜீவனாம்சம் வந்ததும் பத்து சதவீதம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதையும் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 20-ஆம் விதி தடைசெய்கிறது. கையில் காசில்லாத பெண்களுக்கு அந்தப் பேச்சு உதவியாகத் தோன்றும் என்பது உண்மை. அவர்களுக்குச் சட்டமே வேறு இரண்டு வழிகளை வைத்திருக்கிறது.

ஒன்று, முன்பு சொன்ன 24-ஆம் பிரிவு. அது மாதாந்தரத் தொகைக்கு மட்டுமானதல்ல. சொந்த வருமானம் போதாத தரப்புக்கு வழக்குச் செலவையும் மற்றவர் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த அறுபது நாளில் கூடியவரை முடிக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது.

மற்றொன்று இலவச சட்ட உதவி. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி எல்லாப் பெண்களுக்கும் இதற்கு உரிமை உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படியே. மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் பட்டியலில் இருக்கும் வக்கீல் ஒருவரை நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அந்த வக்கீலுக்குக் கட்டணம் ஆணைக்குழு கொடுக்கும். அவர் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. 'இலவசம் என்றால் அப்படித்தான் இருக்கும்' என்ற அலட்சியம் நம் ஊரில் அதிகம். கிடைக்கும் வக்கீலைப் பொறுத்துத் தரம் மாறும் என்பது சரிதான். பணம் கொடுத்து அமர்த்தும் வக்கீலும் அப்படித்தானே? சரியாக நடத்தவில்லை என்றால் வேறு ஒருவரை நியமிக்கச் சொல்லி ஆணைக்குழுவிலேயே கேட்கலாம்.

வக்கீலே இல்லாமல் நேரில் ஆஜராகவும் முடியும். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகக் கோரக்கூடியதல்ல என்றே குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது, நடைமுறையில் அனுமதிக்கிறார்கள். பங்கிட எதுவுமில்லாத சம்மத விவாகரத்துக்கு, மனுவை மட்டும் ஒரு வக்கீலிடம் கட்டணம் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு, தாங்களே ஆஜராவது நடக்காத காரியமல்ல. குறை சொல்லி மனுவைத் திருப்பும்போது சரிசெய்து மறுபடி கொடுக்கும் பொறுமை வேண்டும். எதிர்ப்பு வழக்கில் இதை முயல வேண்டாம்.

இணையத்து 'பேக்கேஜ்'

விவாகரத்து என்று தேடினால் ஒரே விலையில் எல்லாம் முடித்துத் தருவதாக விளம்பரங்கள் வந்து விழும். வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதை பார் கவுன்சிலின் 36-ஆம் விதி தடைசெய்கிறது. இணையத் தளங்கள் வழியாக இப்படி வேலை தேடும் வக்கீல்கள்மீது நடவடிக்கை எடுக்கச் செய்யுமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. விதி ஒருபுறம் இருக்கட்டும். அந்த விலை, உங்கள் கதையை ஒருவரும் கேட்பதற்கு முன்பே போடப்பட்டது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 498-ஏ இருக்கிறதா, வீட்டுக் கடன் இருக்கிறதா, குழந்தைக்கு என்ன வயது என்று கேட்காமல் சொல்லும் விலை, பிறகு கேட்டதும் ஏறும். இன்னொரு சின்ன அடையாளம்: வக்கீல் ஒரு தனிநபருக்குக் குடும்ப வழக்கு நடத்தும் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பில்லில் பதினெட்டு சதவீதம் ஏறியிருந்தால், உங்களிடம் பணம் வாங்குவது வக்கீலா இடைத்தரகரா என்று பாருங்கள்.

எழுதி வாங்க வேண்டியது

வக்கீலிடம் எழுதிக் கேட்பதா என்று கூச்சப்படுகிறார்கள். பெரிய ஒப்பந்தம் வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். அவர் 'சரி' என்று பதில் போட்டால் அதுவே எழுத்து. இப்படி இருக்கலாம்:

"சார், நேற்றுப் பேசியபடி: 13-பி மனுவுக்கு மொத்தக் கட்டணம் ரூ. 60,000. மனு எண்ணானதும் 30,000. இரண்டாம் முறை ஆஜராகும் நாளில் 30,000. ஆறு மாத விலக்கு மனுவும், தீர்ப்பின் சான்றிட்ட நகலும் இதில் அடக்கம். கோர்ட் கட்டணம், தட்டச்சு, குமாஸ்தா செலவு தனி, அதற்கு ரூ. 4,000-க்கு மேல் ஆகாது. எஃப்.ஐ.ஆர். ரத்து செய்ய உயர் நீதிமன்ற மனு இதில் இல்லை. எதிர்த்தரப்பு சம்மதத்தை வாபஸ் பெற்றால் இரண்டாவது தவணை இல்லை. சரிதானே சார்?"

தொகைகள் உதாரணத்துக்காக நான் போட்டவை. கவனிக்க வேண்டியது அடக்கம், தனி, இல்லை என்ற மூன்று சொற்களும் அதில் இருப்பதைத்தான். எதிர்ப்பு வழக்கென்றால் கூடுதலாக இரண்டைக் கேளுங்கள்: குறுக்கு விசாரணையை யார் நடத்துவார், வழக்கு வேறு ஊருக்கு மாறினால் என்ன கணக்கு. பணம் கொடுக்கும்போது கட்டணமா செலவுக்கா என்று பிரித்து ரசீது கேளுங்கள். வாங்கும் பணம் எதற்கானது என்று கணக்கில் குறிக்க வேண்டியது விதிப்படி வக்கீலின் கடமைதான். நீங்கள் தனிச் சலுகை எதுவும் கேட்கவில்லை.

இடையில் முறிந்தால்

2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், வக்கீல்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழியில்லை. முன்பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு ஏமாந்தவருக்கு இருந்த சுலபமான கதவு அடைபட்டுவிட்டது. தவணையாகக் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

மீதமிருப்பவை: தக்க காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் வக்கீல் வழக்கிலிருந்து விலகக் கூடாது, விலகினால் உழைக்காத பகுதிக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது பார் கவுன்சிலின் 12-ஆம் விதி. மீறினால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பணத்துக்காகச் சிவில் வழக்கும் போடலாம். ஒரு வழக்கு நடத்தவே மூச்சு முட்டுகிறவர் எத்தனை பேர் அதைச் செய்வார்கள் என்பது வேறு விஷயம். வக்கீலை நீங்களே மாற்றுவதானால் பழைய வக்கீலிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்து வாங்கிப் புது வக்காலத்துப் போட வேண்டும். பாக்கி இருக்கிறது, கொடுத்தால்தான் கட்டு என்று காகிதங்களைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாக்கியிருக்கிறது. பாக்கியை அவர் தனியாக வசூலித்துக்கொள்ளலாம். கட்டைக் கொடுத்தாக வேண்டும். இருந்தாலும் அசல் திருமணப் பதிவுச் சான்றிதழையும் நகை ரசீதுகளையும் முதல் நாளே அலுவலகத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் கொடுங்கள், அசலைச் சாட்சி விசாரணை நாளில் கொண்டுபோகலாம்.

தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்பதோடு வக்கீலின் வேலை முடிந்துவிட்டதாக இரு தரப்பும் நினைத்துவிடுகிறது. சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு வாங்கினால்தான் அந்தத் தீர்ப்பு உங்கள் கையில் இருக்கும். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை நீக்குவதற்கும், பின்னாளில் மறுபடி திருமணம் பதிவு செய்வதற்கும் அதைத்தான் கேட்பார்கள். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணம் செய்யக் கூடாது என்ற இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவையும் அப்போதே வக்கீலிடம் கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நகல் ஒன்றோடு நிறுத்திவிடாமல் மூன்றாக வாங்குங்கள். ஆண்டுகள் கழித்து ஒரு நகலுக்காகப் பழைய வக்கீலின் குமாஸ்தாவைத் தேடிக்கொண்டு போவதைவிட அது மலிவு.